வேலை, வீடு, தேடல் மீட்பு நாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புரோகிராமராக இருக்கிறேன். வீட்டில் கணவர், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள், மாமியார், அப்புறம் பொன்னி என்கிற லாப்ரடார். காணாமல் போனவர்களையும் இடிபாட்டில் சிக்கியவர்களையும் தேடுவதற்குப் பொன்னியைப் பழக்கிவருகிறேன். இது தெரிந்த நாளிலிருந்து அலுவலகத்திலும் குடியிருப்பிலும் அல்சூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் ஒரே மாதிரி சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

தேடல் மீட்பு நாய்னா போலீஸ் மோப்ப நாய் மாதிரிதானே?

மூக்கு ஒன்றுதான், வேலை வேறு. போலீஸ் நாய்களைப் பெரும்பாலும் வெடிபொருள், போதைப்பொருள், குற்றவாளியின் தடம் என்று பழக்குவார்கள். தேடல் மீட்பு நாய் தேடுவது மனிதரை. அதிலும் பிரிவுகள் உண்டு. காற்றில் மிதந்து வரும் மனித வாசனையைப் பிடித்து, அது யாராக இருந்தாலும் போய்க் கண்டுபிடிப்பது ஒரு வகை. ஒரு குறிப்பிட்ட ஆளின் துணியை முகரவைத்து, அவர் நடந்துபோன தடத்தைப் பிடிப்பது இன்னொரு வகை. இறந்தவர்களின் உடலைத் தேடுவது மூன்றாவது. பொன்னி பழகுவது முதல் வகை.

2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் வந்தபோது நம் தேசியப் பேரிடர் மீட்புப் படை நாய்களோடு போனது நினைவிருக்கும். நுர்தாகி என்ற ஊரில் ஜூலி என்கிற லாப்ரடார் இடிபாட்டுக்குள் போய்க் குரைத்தது. பிறகு ரோமியோ என்ற இன்னொரு நாயை விட்டுப் பார்த்தார்கள்; அதுவும் அதே இடத்தில் குரைத்தது. அங்கிருந்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உயிரோடு மீட்கப்பட்டாள். ஒரு நாய் சொன்னதை இன்னொரு நாயைக் கொண்டு உறுதி செய்கிற அந்த முறையைக் கவனியுங்கள். கீழே ஒரு கேள்வியில் இதற்குத் திரும்ப வருவேன்.

ஐ.டி. வேலையில இருந்துக்கிட்டு இதுக்கு எப்படிங்க நேரம் கிடைக்குது?

தினமும் மணிக்கணக்கில் பழக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இளம் நாய்க்கு உண்மையான தேடல் பயிற்சி ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம் போதும். இன்னும் வேண்டும் என்று அது துள்ளிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அலுத்துப்போகும்வரை இழுத்தால் அடுத்த நாள் ஆர்வம் குறைந்திருக்கும்.

காலையில் எப்படியும் நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும். அந்த நடையிலேயே கூப்பிட்டால் வருவது, தூரத்தில் இருந்து சொன்னால் உட்காருவது, ஆட்டோ ஹார்னுக்கு மிரளாமல் இருப்பது எல்லாம் நடந்துவிடும். ஒன்பதரை மணிக்கு டீமோடு நடக்கும் ஸ்டாண்ட்-அப் என்கிற தினசரிக் குறுங்கூட்டத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்து குளித்தும் முடித்துவிடலாம். எங்கள் டீமுக்கு அமெரிக்காவோடு மாலையில் கால் இருக்கும், அதனால் வார நாள் மாலைகளை நான் நம்புவதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் மதிய இடைவேளையில், ஆள் நடமாட்டமில்லாத பேஸ்மென்ட் பார்க்கிங்கில் மகளோ கணவரோ ஒளிந்துகொள்ள, ஒரே ஒரு தேடல். அவ்வளவுதான்.

நேரத்தை நிஜமாகவே விழுங்குவது ஞாயிற்றுக்கிழமை. நகரத்துக்கு வெளியே குழுவாகப் போகிறோம். என் நாய் தேடுவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் மற்றவர்களின் நாய்களுக்காக நான் ஒளிந்து கிடக்கிறேன். போக வர டிராஃபிக் வேறு. அரை நாள் போய்விடும். இதற்கு வீட்டில் எல்லோரும் சம்மதிக்காமல் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாய் வாங்கும் முன்பே பேச வேண்டிய விஷயம் இது.

எந்த ஜாதி நாய் வாங்கணும்? எங்க வீட்டு நாட்டு நாய் ஆகுமா?

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மாலினாய் ஆகியவற்றைத்தான் படைகள் அதிகம் வைத்திருக்கின்றன. பெங்களூருக்கு வெளியே தரளு என்ற ஊரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் (சி.ஆர்.பி.எஃப்.) நாய் வளர்ப்பு, பயிற்சிப் பள்ளி இருக்கிறது. மாலினாய்களுக்குப் பேர் போன இடம். ஆனால் மாலினாயை ஃபிளாட்டில் வைத்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் லேப்டாப் முன்னால் உட்காரப் போகிறவருக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். அதற்கு நாள் முழுக்க வேலை வேண்டும். வேலை இல்லையென்றால் சோபாவையும் கதவையும் கடித்துப்போடும்.

நாட்டு நாய் தாராளமாக ஆகும். பார்க்க வேண்டியது ஜாதியைவிட குணத்தை. பந்தைப் புல்லுக்குள் வீசி, அது கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் விடாமல் தேடுகிறதா? முன்பின் தெரியாத ஆளிடம் வாலாட்டிப் போகிறதா? தகரம் மேல், மரப்பலகை மேல், ஆடுகிற பொருள் மேல் காலை வைக்கத் தயங்கினாலும் மறுபடி முயல்கிறதா? இந்த மூன்றும் இருந்தால் போதும். பல நாட்டு நாய்கள் புது ஆட்களிடம் எச்சரிக்கையாக இருக்கும் என்பதால் இரண்டாவதை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இடுக்கில் சிக்கி அழுதுகொண்டிருக்கும் மனிதரைப் பார்த்து உறுமும் நாயை இந்த வேலைக்குக் கொண்டுபோக முடியாது.

குட்டி வந்ததும் முதல்ல என்ன சொல்லித் தரணும்?

மனிதரைக் கண்டுபிடித்தால் உலகத்திலேயே பெரிய சந்தோஷம் கிடைக்கும் என்பதை. கட்டளைகள் எல்லாம் அப்புறம்.

தொடக்க விளையாட்டு மிக எளிது. நான் குட்டியின் ஹார்னஸைப் பிடித்துக்கொள்வேன். மகள் அதற்குப் பிடித்த கயிற்று பொம்மையை மூக்குக்கு முன்னால் ஆட்டிக் காட்டிவிட்டு, கத்திக்கொண்டே ஓடிப்போய் ஒரு மரத்துக்குப் பின்னால் நிற்பாள். குட்டி திமிறும். அந்தத் திமிறல் உச்சத்துக்குப் போகும்போது கையை விட வேண்டும். ஓடிப்போய் அவளை அடைந்ததும் பொம்மை அவள் கையிலிருந்துதான் வர வேண்டும், என் கையிலிருந்து வரக் கூடாது. அவள் இழுக்க, குட்டி இழுக்க, ஒரே கூச்சல். சன்மானம் ஒளிந்திருப்பவரிடம் இருக்கிறது என்பது அதன் தலையில் ஏற வேண்டும். பின்னாளில் என்னை விட்டுவிட்டு நூறு மீட்டர் தள்ளிப் போய்த் தேடுவதற்குத் தைரியம் தருவது இதுதான்.

பிறகு மெல்ல மெல்ல, ஓடுவதைக் குட்டி பார்க்காமல் செய்வோம். ஒளிபவர் முன்பே போய்விடுவார். அப்போதுதான் கண்ணை விட்டுவிட்டு மூக்கை நம்பத் தொடங்கும். ஒன்று மட்டும்: பெரிய ஜாதி நாய்களுக்கு எலும்பு வளர்ந்து முடிய ஒன்றே கால், ஒன்றரை வயது ஆகும். அதுவரை உயரத்திலிருந்து குதிக்க விடாதீர்கள்.

குழந்தையை வச்சுப் பழக்கலாமா? எனக்குப் பயமா இருக்கு.

பழக்கலாம், பழக்கவும் வேண்டும். பெரியவர்களை மட்டுமே தேடிப் பழகிய நாய்க்குக் குழந்தையின் அசைவும் குரலும் புதிதாக இருக்கும். காணாமல் போகிறவர்களில் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

ஆனால் சில விஷயங்களில் நான் கொஞ்சமும் தளர்வதில்லை. குழந்தை தனியாக ஒளியக் கூடாது; கூடவே ஒரு பெரியவர் இருக்க வேண்டும். மூடினால் உள்ளிருந்து திறக்க முடியாத பெட்டி, பழைய ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, சம்ப் என்கிற தரைக்கடித் தொட்டி, இவற்றின் பக்கமே போகக் கூடாது. கழுத்தில் விசில், கையில் தண்ணீர். "பயமா இருக்கு" என்று குழந்தை சொன்னால் விளையாட்டு அங்கேயே முடிந்தது, சமாதானம் பேசக் கூடாது. நாய் பாய்ந்து வரும்போது பொம்மையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடிக்கவும் சொல்லித்தர வேண்டும். என் மகளுக்கு இது நீண்ட கண்ணாமூச்சி ஆட்டம். இதைவிட நல்ல கூட்டாளி எனக்குக் கிடைக்கமாட்டாள்.

பெங்களூர்ல எங்க போய்ப் பழக்குறது? எங்க பார்த்தாலும் தெரு நாயும் வண்டியுமா இருக்கு.

ஆனேக்கல், ஓசூர் சாலைப் பக்கம் தைலமரத் தோப்புகளும் மாந்தோப்புகளும் இருக்கின்றன. தெரிந்தவர்களின் நிலமாகப் பார்த்து, கேட்டுக்கொண்டு போங்கள். காப்புக் காடுகளுக்குள் நாயை அவிழ்த்துவிடுவது தவறு; மானும் மயிலும் இருக்கும் இடம், வனத்துறை அனுமதியும் கிடையாது. இடிபாடு மாதிரியான இடம் வேண்டுமென்றால் பழைய கட்டடத்தை இடிக்கும் காண்டிராக்டரிடம் பேசலாம். ஆனால் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், சுவர் தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு பொறியாளராவது பார்த்துச் சொல்லாமல் ஆளையோ நாயையோ இறக்காதீர்கள்.

தெரு நாய்கள் பற்றிய கவலை நியாயம்தான். அவற்றை விரட்டப் பார்ப்பதைவிட, அவை இருக்கும் இடத்திலேயே லீஷில் வைத்துச் சின்னச் சின்னத் தேடல் செய்வது நல்லது. இந்த ஊரில் எந்த அவசரம் நடந்தாலும் அங்கே தெரு நாய்கள் இருக்கத்தான் போகின்றன.

காத்து பார்க்க பவுடர் வச்சிருக்கீங்களே, அது எதுக்கு?

நம் உடம்பிலிருந்து தோலின் நுண்துகள்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் ஒட்டியிருக்கும் வியர்வையும் பாக்டீரியாவும் சேர்ந்து நம் வாசனை. அது காற்றுப் போகும் திசையில், ஊதுபத்திப் புகை மாதிரி, ஆளிடத்தில் குறுகியும் தள்ளிப்போகப் போக விரிந்தும் போகும். நாய் அந்த விரிந்த பகுதிக்குள் எங்காவது நுழைந்துவிட்டால், வலமும் இடமும் வளைந்து வளைந்து குறுகிய முனைக்கு, அதாவது ஆளிடம், வந்துவிடும். பொன்னி வாசனையைப் பிடிக்கும் நொடியை நான் அதன் தலையைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன்: ஓடிக்கொண்டிருக்கும் உடம்பு நேராகப் போக, தலை மட்டும் சடாரென்று ஒரு பக்கம் திரும்பும். வால் ஆடும் வேகம் மாறும்.

அதனால் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் காற்று முடிவு செய்கிறது. முகப் பவுடர் டப்பாவை லேசாக அழுத்தினால் வெள்ளைத் துகள் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். பெங்களூரில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்கு, தென்மேற்குக் காற்று நன்றாக வீசும். பழகுவதற்கு அருமையான மாதங்கள். குளிர்காலத்தில் கிழக்கிலிருந்து வரும். உச்சி வெயிலில் தரை சூடாகி வாசனை மேலே எழும்பிப் போய்விடும், நாய் குழம்பும். அதிகாலையிலும், மழை விட்ட பிறகும் வாசனை தரையோடு தங்கும். கட்டடத்துக்குள் இது எல்லாமே மாறும். லிப்ட் குழியும் மாடிப்படியும் வாசனையை இழுத்துக்கொள்ளும். மூன்றாம் மாடியில் இருக்கும் ஆளுக்கு நாய் ஐந்தாம் மாடியில் கிளர்ச்சியடைந்தால் அது தப்பு செய்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆன்-கால் வாரம் வந்தா என்ன பண்றது? ராத்திரி முழுக்க அலாரம் அடிச்சா?

ஆன்-கால் என்றால், சர்வரில் கோளாறு வந்தால் எந்நேரமும் எழுந்து சரிசெய்ய வேண்டிய முறை. அந்த வாரத்தில் புதிதாக எதையும் கற்றுத்தர மாட்டேன். தூக்கம் கெட்ட ஆள் நாயைச் சரியாகக் கவனிக்க முடியாது, சட்டென்று குரலும் உயரும். நடை, பந்து, ஏற்கெனவே தெரிந்த சுலபமான தேடல் ஒன்று, அவ்வளவோடு விட்டுவிடுவது. ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கும் போவதில்லை. சிக்னல் இல்லாத தோப்பில் நின்றுகொண்டு சர்வர் விழுந்துவிட்டதா என்று யோசித்துக்கொண்டிருப்பதில் யாருக்கும் லாபமில்லை. ஆன்-கால் பட்டியல் வந்ததும் சமையலறைக் காலண்டரில் குறித்துவிடுகிறோம். அதே காலண்டரில்தான் மகளின் தேர்வு, பள்ளிப் பெற்றோர் கூட்டம், மாமியாரின் கண் பரிசோதனை, பொன்னியின் தடுப்பூசி எல்லாம் இருக்கின்றன. ஒரே காலண்டர் என்பது முக்கியம். தனித்தனியாக வைத்தால் மோதல் வருவது கடைசி நாளில்தான் தெரியும்.

ஒரு வாரம் பயிற்சி குறைந்தால் நாய் மறந்துவிடாது. ஓய்வுக்குப் பிறகு இன்னும் கூர்மையாகத் தேடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மேனேஜர்கிட்ட இதைச் சொல்லணுமா?

சொல்லிவிடுங்கள். நாய் தயாராகி, அவசர அழைப்புக்குப் போகும் நிலை வருவதற்கு முன்பே சொல்லுங்கள். ரிலீஸ் அன்றைக்கு முதன்முதலாகச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? நான் சொன்னது இரண்டே விஷயம்: எந்த நாட்களில் என்னைக் கூப்பிட்டாலும் போகமாட்டேன், போகக்கூடிய நாளில் என் வேலையை யார் ஏற்றுக்கொள்வார். இரண்டாவதற்காக என் சக ஊழியரின் ஆன்-கால் ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். "சமூக சேவை" என்று பெரிதாகச் சொல்லி அனுதாபம் தேடுவதைவிட இந்த மாதிரி நேரான கணக்கு வேலை செய்கிறது.

"நாய்க்குக் குடுக்கிற நேரத்தை எங்களுக்குக் குடுக்கலாமே"ன்னு என் மனைவி கேக்கிறா. என்ன பதில் சொல்ல?

அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்கு வாயால் பதில் சொல்லப் பார்க்காதீர்கள். கடந்த மாதக் காலண்டரை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் தோப்பில் இருந்தபோது வீட்டில் யார் இட்லி ஊற்றினார்கள், யார் குழந்தையைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப்போனார்கள், யார் துணி மடித்தார்கள்? ஒரு ஆளின் ஆசைக்காக இன்னொரு ஆளின் ஓய்வு நாள் போகிறது என்றால், அது எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும் கசப்பு வரும். அதிலும் "உயிர் காக்கிற வேலை" என்று சொல்லி அந்தக் கசப்பை வாயடைப்பது அநியாயம்.

எங்கள் வீட்டில் ஞாயிறு காலை என்னுடையது, சனிக்கிழமை முழுக்க என் கணவருடையது. சனிக்கிழமை சமையல், கடை, மகளின் வீட்டுப்பாடம் எல்லாம் என் பொறுப்பு. அவர் கிரிக்கெட்டுக்குப் போவார், தூங்குவார், அது அவர் இஷ்டம். மாதத்தில் ஒரு ஞாயிறு நான் குழுவுக்குப் போவதில்லை. அன்று நாய் பற்றிய பேச்சும் கிடையாது. இதில் சேர வேண்டும் என்று வீட்டாரைக் கட்டாயப்படுத்துவதையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. என் கணவருக்கு ஒளிந்துகொள்ளப் பிடிக்கும், அதனால் வருகிறார். உங்கள் மனைவிக்கு நாயே பிடிக்காமல் இருக்கலாம், அதுவும் அவர் உரிமை. வீட்டார் மனதார ஒத்துக்கொள்ளாமல் இந்தப் பயிற்சியைத் தொடர்வதைவிட இரண்டு வருஷம் தள்ளிப்போடுவது நல்லது.

மாமியார் கூட இருக்காங்களே, நாய் வீட்டுக்குள்ள வர்றதுக்கு ஒத்துக்கிட்டாங்களா?

பூஜை அறைக்கும் சமையலறைக்கும் பொன்னி போகாது. வாசற்படியில் நிற்கப் பழக்கியாயிற்று. அத்தை அதன் மேல் பிரியமாகத்தான் இருக்கிறார், ஆனால் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் விளக்கேற்றுவார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் மேல் தாவாமல் இருப்பதை முதல் மாதத்திலேயே பழக்குங்கள். வயதானவர் விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

கண்டுபிடிச்சா குரைக்கணும்னு பழக்குறீங்க. அபார்ட்மென்ட்ல சண்டைக்கு வரமாட்டாங்களா?

வருவார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதையே தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்காக இரவு பத்து மணிக்குக் குரைக்கவிடலாம் என்று அர்த்தமில்லை. குரைத்துச் சொல்லும் பயிற்சியை வெளியிடத்தில் மட்டும் வைத்துக்கொள்கிறோம். வீட்டில், பார்க்கிங்கில் நடக்கும் தேடலில் ஆளைத் தொட்டதும் பொம்மை கிடைத்துவிடும், குரைக்கும்வரை காத்திருப்பதில்லை. மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் கையில் இருந்தால் பாதிப் பேச்சு அங்கேயே அடங்கும்.

எங்க நாய் எங்க ஒளிஞ்சாலும் கண்டுபிடிச்சிடுது. ரெடி ஆயிடுச்சுன்னு சொல்லலாமா?

ஒளிந்திருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும் என்றால், சொல்ல முடியாது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கணக்குப் போடுகிறது என்று கூட்டம் கூடியது. கேட்ட கேள்விக்குக் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் சோதித்துப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரையாலும் சொல்ல முடியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் எதிரில் நிற்பவரின் முகத்திலும் உடம்பிலும் வரும் நுண்ணிய மாற்றத்தைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருந்தது.

நம் நாய்களும் நம்மை இப்படித்தான் படிக்கின்றன. ஆள் இருக்கும் புதர் வந்ததும் நம் நடை தானாக மெதுவாகும், மூச்சை அடக்குவோம். நாய்க்கு அது போதும். அதனால் நாயைக் கூட்டிப்போகிறவருக்கு இடம் தெரியக் கூடாது. கூட நிற்கிற யாருக்கும் தெரியக் கூடாது. எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்பதும் தெரியக் கூடாது. யாருமே இல்லாத இடத்திலும் சில சமயம் தேடவிட வேண்டும். அங்கே குரைக்காமல் திரும்பி வருவதும் பயிற்சியின் பாகம். ஆளும் புதியவராக, இடமும் புதிதாக இருக்க வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன ரோமியோவை எதற்குக் கொண்டுவந்தார்கள் என்பது இப்போது புரியும். ஒரு நாய் காட்டிய இடத்தைத் தோண்ட ஆளும் நேரமும் செலவாகும், அதனால் இன்னொரு சாட்சி வேண்டும். நன்றாகப் போனாலும் ஒரு நாய் இந்த நிலைக்கு வர ஒன்றரை, இரண்டு வருஷம் எடுக்கும்.

வெயில், உண்ணி, பாம்புன்னு எவ்வளவோ இருக்கே, பயமில்லையா?

வெயிலுக்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். நாயின் சாதாரண உடல் வெப்பம் 101இலிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. வேலையில் ஆர்வம் மிகுந்த நாய் தானாக நிற்காது, நாம்தான் நிறுத்த வேண்டும். நாக்கு அகலமாக விரிந்து தொங்குவது, தள்ளாடுவது, ஈறு கருஞ்சிவப்பாவது என்றால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றி, காற்று விசிறி, மருத்துவரிடம் ஓட வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

உண்ணி இங்கே வருஷம் முழுக்க இருக்கிறது, உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொன்றுவிடும். தோப்பிலிருந்து வந்ததும் காது மடிப்பு, விரலிடுக்கு, வாலின் அடி எல்லாம் விரலால் தடவிப் பார்ப்பது எங்கள் வீட்டு வேலைகளில் ஒன்று. மழைக்கு முன்னால் எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுவிடுங்கள். கண்ணாடி விரியன் இந்தப் பகுதியில் உண்டு. விஷமுறிவு மருந்து இருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று போன் செய்து தெரிந்துகொண்ட பிறகுதான் புது இடத்துக்குப் போவது.

கட்டடம் இடிஞ்சுதுன்னு டி.வி.ல பார்த்தா, உடனே நாயைக் கூட்டிட்டுப் போயிடலாமா?

கூடவே கூடாது. 2024 அக்டோபரில் மழையின்போது பெங்களூரின் பாபுசாபாளையத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் விழுந்தபோது எனக்கு எத்தனையோ பேர் இதைக் கேட்டுச் செய்தி அனுப்பினார்கள். கூப்பிடாமல் போகிற ஆளும் நாயும் அங்கே இடைஞ்சல். நாய் தேடும்போது மற்றவர்கள் விலகி நிற்க வேண்டும், இயந்திரங்களை நிறுத்த வேண்டும், எந்தப் பகுதியில் கால் வைக்கலாம் என்று சொல்ல ஒருவர் வேண்டும். இதையெல்லாம் பொறுப்பில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்ய முடியும்.

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட அளவில் பொறுப்பு மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இருக்கும் ஆணையத்துக்கு. கர்நாடகத்தில் அவரை டெபுடி கமிஷனர் என்பார்கள். களத்தில் தீயணைப்புத் துறை, மாநில மீட்புப் படை, தேவைப்பட்டால் தேசியப் படை. தமிழ்நாட்டில் தேசியப் படையின் பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் இதற்குள் வர வேண்டுமென்றால் குடிமைப் பாதுகாப்பு அமைப்பில் தன்னார்வலராகப் பதிவு செய்வது, பேரிடர்த் தன்னார்வலர்களைப் பழக்கும் ஆப்த மித்ரா போன்ற அரசுத் திட்டங்களில் பயிற்சி எடுப்பது என்று வழிகள் உண்டு. நாயில்லாமலே அங்கே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, முதலுதவியும் கயிறு கட்டுவதும் தெரிந்தவர்களை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. வெளிநாடுகளில் பொதுமக்களே நாயோடு பதிவு செய்து, தேர்வெழுதி, அழைப்பு வந்தால் போகிறார்கள். இங்கேயும் அப்படி ஒரு முறை வர வேண்டும் என்பது என் ஆசை. வரும்வரை கூப்பிட்டால் மட்டும் போவது.

பக்கத்து ஃபிளாட் தாத்தா மறதியில எங்கேயோ போயிட்டார். பொன்னியைக் கூட்டிட்டு வர்றீங்களா?

முதலில் 112க்கு அழையுங்கள். நாய்க்காகக் காத்திருக்காதீர்கள். வாசல் கேமராவையும், அவர் பழைய வீடு, பழைய வேலை இடம், வழக்கமாகப் போகும் கோயில், பஸ் நிறுத்தம் ஆகியவற்றையும் பாருங்கள். மறதி நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் பழகிய திசைக்குத்தான் போவார்கள்.

பொன்னி எந்த மனிதராக இருந்தாலும் கண்டுபிடிக்கும் வகை என்று மேலே சொன்னேன். ஜனம் நிறைந்த கம்மனஹள்ளித் தெருவில் அது பயன்படாது. பூட்டிய காலி மனை, ஏரிக்கரைப் புதர், கட்டி முடிக்காத கட்டடம் என்றால் போலீஸ் சம்மதத்தோடு தேடலாம். தடம் பிடிக்கும் நாய் வரக்கூடும் என்பதற்காக, அவர் தலையணை உறையை யாரும் தொடாமல், சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கைக்கு உறையாகப் போட்டு எடுத்து, மூடி வையுங்கள். வீட்டில் எல்லோரும் அவர் அறைக்குள் போய்த் துணிகளைக் கலைத்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

இறந்தவங்களைத் தேடவும் பழக்குவீங்களா? குழந்தைக்கு எப்படிச் சொல்லுவீங்க?

அது தனிப் பயிற்சி. 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவில் கேரளப் போலீஸின் மாயா, மர்ஃபி ஆகிய இரண்டு நாய்கள் மண்ணுக்கு அடியிலிருந்த உடல்களைக் காட்டிக்கொடுத்தன. தன் மனிதரை அடக்கம் செய்ய முடிந்த குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்லத் தேவையில்லை. இறந்த உடலின் வாசனை தரும் பயிற்சிப் பொருளை வைத்துக்கொள்ள முறையான அனுமதியும் இடமும் வேண்டும். என் வீட்டு ஃபிரிட்ஜில் அதற்கு இடமில்லை. ஆகவே பொன்னிக்கு இல்லை.

மகள் கேட்டாள், சொன்னேன். தேடிப் போகும்போது சிலர் உயிரோடு இருக்கமாட்டார்கள், அப்போதும் அவர்களைத் தேடி எடுத்து வீட்டாரிடம் கொடுக்க வேண்டும் என்று. அவள் கேட்ட அளவுக்குத்தான் பதில். அதற்கு மேல் விவரங்களும் படங்களும் வேண்டாம்.

செலவு நிறைய ஆகுமா?

சாப்பாடும் தடுப்பூசியும் உண்ணி மருந்தும் எந்த நாய்க்கும் ஆகும். கூடுதல் செலவு என்றால் பெட்ரோலும் அவசர மருத்துவமும்தான். மருத்துவத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள். இதில் வருமானம் எதுவும் கிடையாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனா பயிற்சி நின்னுடுமே?

நிற்கட்டும். ஆன்-கால் கேள்வியில் சொன்னதுதான் இதற்கும். ஊருக்குக் கூட்டிப்போக முடிந்தால் இன்னும் நல்லது. நாற்று வயல், வைக்கோல் போர், மாட்டுத் தொழுவம், ஒளிந்துகொள்ளத் துடிக்கும் சித்தி பிள்ளைகள் என்று பெங்களூரில் கிடைக்காததெல்லாம் அங்கே கிடைக்கும்.

எனக்கு நாய் இல்லை. ஆனா வந்து பார்க்க ஆசையா இருக்கு. வரலாமா?

வாருங்கள். எங்களுக்கு நாயைவிட ஆள்தான் பஞ்சம். பொன்னிக்கு என் வீட்டார் வாசனை எல்லாம் பழகிப்போயிற்று, புது மனிதர்கள் வேண்டும். குண்டானவர், ஒல்லியானவர், வயதானவர், தாடி வைத்தவர், முக்காடு போட்டவர், ஊன்றுகோலோடு நடப்பவர், எல்லோரும் வேண்டும். நாய் வாங்க யோசிப்பவர்களிடமும் சில மாதம் ஒளிந்து பாருங்கள் என்றே சொல்கிறோம். மற்றவர்கள் எப்படிப் பழக்குகிறார்கள் என்பது புதருக்குள் படுத்திருக்கும்போது நன்றாகத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைகள் உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும்.

முழுக்கை சட்டை, மூடிய ஷூ, தண்ணீர், உட்கார ஒரு பழைய பாய் கொண்டுவாருங்கள். போனை சைலன்ட்டில் போடுங்கள், அணைக்க வேண்டாம். எங்கே இருக்கிறீர்கள் என்று ஒருங்கிணைப்பவருக்கு மட்டும் தெரிய வேண்டும். நாய் வந்து குரைத்ததும் நாங்கள் கொடுத்த பொம்மையை எடுத்து, கூச்சப்படாமல் சத்தமாகப் பாராட்டி, விடாமல் இழுத்து விளையாடுங்கள்.